ஜவ்வரிசி மில்லின் கிழங்குக் கணக்கு: மாதிரியை வரைந்து மென்பொருளை உருவாக்கி நிறுவும் முறை

சேலம் மாவட்டத்தில் ஆத்தூர், தலைவாசல் பக்கத்து ஜவ்வரிசி மில் ஒன்றுக்கு மரவள்ளிக் கிழங்குக் கொள்முதல் மென்பொருள் வேண்டும் என்று உள்ளூர் நிரலாளர் ஒருவரிடம் கேட்டால், அவர் பெரும்பாலும் அன்றே தரவுத்தள அட்டவணைகளை அமைத்து, திரைகளை ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கிவிடுவார். இரண்டு பருவம் கழித்து அந்த மென்பொருளைப் பார்த்தால், லோடு என்பதற்கு அட்டவணையில் ஒரு பொருளும், திரையில் வேறொரு பொருளும், அறிக்கையில் மூன்றாவது பொருளும் இருக்கும். எதை நம்புவது என்பது எழுதியவருக்கே தெளிவாக இருக்காது. மாதிரி வழி வடிவமைப்பு இந்தக் குழப்பத்தை வேரில் தடுக்கும் முறை. தொழிலின் பொருள்கள், அவற்றின் உறவுகள், விதிகள் ஆகியவற்றை ஒரே மாதிரியில் முறைப்படி எழுதிவைத்து, தரவுத்தளம், சர்வர் நிரல், திரைகள், நிறுவும் கோப்புகள் அனைத்தையும் அந்த மாதிரியிலிருந்து கருவியே உருவாக்கும்படி செய்கிறோம். சேலம் வட்டாரத்தில் சிறு மில்களுக்கும் பட்டறைகளுக்கும் மென்பொருள் எழுதித் தரும் இளைஞர்களை மனத்தில் வைத்து, ஒரு மில்லின் கிழங்குக் கொள்முதலையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, இந்த முறையைத் தொடக்கம் முதல் நிறுவுதல் வரை இங்கே விளக்குகிறேன்.

இந்தச் சிந்தனை புதியதன்று. யுஎம்எல் எனப்படும் வரைபட மொழியை ஓஎம்ஜி என்ற தரநிலை அமைப்பு 1997இல் ஏற்றுக்கொண்டது. அதே அமைப்பு 2001இல் எம்டிஏ என்ற பெயரில் மாதிரியை மையமாகக் கொண்ட கட்டமைப்பை அறிவித்தது. அதன் அடிப்படை எளியது. கணினியைப் பற்றிய பேச்சே இல்லாமல் தொழிலை மட்டும் சொல்லும் மாதிரி ஒன்று, குறிப்பிட்ட தொழில்நுட்பம் எதையும் சாராமல் அமைப்பைச் சொல்லும் மாதிரி ஒன்று, குறிப்பிட்ட தளத்துக்கென விரித்தெழுதிய மாதிரி ஒன்று என மூன்று அடுக்குகள் இருக்கும். முதல் அடுக்கை மனிதர்கள் பேசி எழுத வேண்டும், பின்னவற்றுக்கு இறங்கும் வேலையில் பெரும்பகுதியைக் கருவிகள் ஏற்கலாம். எக்லிப்ஸ் என்ற திறமூலக் கருவிக் குடும்பத்தில் இதற்கென இஎம்எஃப், பாப்பிரஸ் போன்ற கருவிகள் உள்ளன. பெரிய நிறுவனங்கள் அவுட்சிஸ்டம்ஸ், மெண்டிக்ஸ் போன்ற தளங்களையும் பயன்படுத்துகின்றன. சிறிய குழுவுக்கு நான் பரிந்துரைப்பது ஜேஹிப்ஸ்டர். அது 2013இல் தொடங்கிய திறமூலக் கருவி. ஜேடிஎல் என்ற சிறு மொழியில் மாதிரியை எழுதினால் ஜாவாவில் ஓடும் ஸ்பிரிங் பூட் சர்வரையும், ஆங்குலர், ரியாக்ட், வ்யூ ஆகியவற்றுள் நாம் விரும்பும் ஒன்றில் திரைகளையும், செயலியைப் பொதிந்து நிறுவ உதவும் டாக்கர் கோப்புகளையும் சேர்த்தே உருவாக்கித் தரும். மாதிரி ஒரு சாதாரண எழுத்துக் கோப்பாக நம்மிடமே இருக்கும், உருவாகும் நிரலும் நம்முடையதாகவே இருக்கும் என்பவையே இதைத் தேர்ந்தெடுக்க முதன்மையான காரணங்கள். கட்டணத் தளம் எதையேனும் வாங்க நினைப்பவர்கள், சந்தாவை நிறுத்தினால் மாதிரியையும் நிரலையும் எந்த வடிவில் வெளியே எடுக்க முடியும் என்பதை வாங்குவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

கணினியைத் திறக்கும் முன்

முதல் அடுக்கு மாதிரியை மில்லின் எடைமேடை அறையில் தாளில் வரைய வேண்டும். லாரி உள்ளே வருவதில் தொடங்கி, கிழங்குக்கு உரிய பணம் கைமாறும் வரை நடப்பதை, அதைச் செய்பவர்களின் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். லாரி மேடை ஏறியதும் லோடு எடை எடுக்கப்படுகிறது. பிறகு சாம்பிள் கிழங்கை எடுத்து, காற்றிலும் நீரில் மூழ்கவைத்தும் எடை பார்த்து, அந்த வேறுபாட்டைக் கொண்டு மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று கணிக்கிறார்கள். விலை ஒத்துவந்தால் கிழங்கு இறக்கப்படுகிறது, இல்லையேல் லாரி திரும்பிப் போகிறது. இறக்கிய பின் காலி எடை, அதன் பின் பட்டியல் (பில்), அதன் பின் பணம். இந்த ஓட்டத்தை அம்புக்குறிகளோடு வரைந்து எடைமேடை எழுத்தரிடம் காட்டினால் அவர் உடனே சில இடங்களைத் திருத்துவார். அந்தத் திருத்தங்களுக்காகவே தாளில் வரைகிறோம். நிரல் எழுதிய பிறகு கிடைக்கும் திருத்தம் பல மடங்கு செலவு பிடிக்கும்.

இந்தக் கட்டத்தில் கேட்க வேண்டிய கேள்விகளை விட்டுவிட்டால் பிறகு கருவியால் எதையும் சரிசெய்ய முடியாது. வியாபாரி ஒருவர் கொண்டுவரும் ஒரே லாரியில் இரண்டு மூன்று விவசாயிகளின் கிழங்கு இருக்குமா? இருக்கும் என்றால் பாயிண்ட் சோதனை லாரிக்கு ஒன்றா, விவசாயிக்கு ஒன்றா? மண்ணுக்கும் தண்டுக்கும் கழிவு பிடிப்பது சதவீதத்திலா, கிலோவிலா? கழிவைப் பிடித்த பின் வரும் எடையைக் கிலோவுக்கு முழுமையாக்குகிறார்களா, அப்படியே பெருக்குகிறார்களா? கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றலாம். ஆகவே கற்பனையான எண்களை வைத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். லோடு எடை 14,860 கிலோ, காலி எடை 5,240 கிலோ என்றால் நிகர எடை 9,620 கிலோ. கழிவு 2 சதவீதம் என்றால் மீதம் 9,427.6 கிலோ. பாயிண்ட் 28.5, டன்னுக்கு ஒரு பாயிண்டின் விலை 300 ரூபாய் என்று கொண்டால் தொகை 80,605.98 ரூபாய். எடையை மேல்நோக்கி 9,428 ஆக முழுமையாக்கினால் 80,609.40 ரூபாய், கீழ்நோக்கி 9,427 ஆக முழுமையாக்கினால் 80,600.85 ரூபாய். ஒரே லோடுக்கு மூன்று விடைகள் வருகின்றன. மில்லில் வழங்கும் விதி எது என்பதை மாதிரியோடு எழுதிவைக்காவிட்டால், நிரல் எழுதுபவர் தம் விருப்பப்படி ஒன்றைத் தேர்ந்தெடுப்பார், கையால் கணக்குப் போட்டுப் பார்க்கும் விவசாயிக்கு மில்லின் மீதே ஐயம் எழும்.

எல்லையையும் இப்போதே வகுத்துவிடுங்கள். ஜவ்வரிசியையும் மாவையும் விற்பது முற்றிலும் வேறு உலகம். 1981இல் பதிவான சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தின் வழியே ஏலத்தில் விற்கும் மில்லுக்கு அதற்கென்று தனி நடைமுறைகளும் ஆவணங்களும் உண்டு. கொள்முதலையும் விற்பனையையும் ஒரே மாதிரியில் திணித்தால் இரண்டும் தெளிவிழக்கும். முதல் மாதிரி கிழங்கு வரவோடும் அதற்கான பணத்தோடும் நிற்கட்டும்.

ஜேடிஎல் கோப்பில் எழுதுதல்

தாளில் உள்ளதை இரண்டாம் அடுக்குக்கு, அதாவது ஜேடிஎல் கோப்புக்குக் கொண்டுவரும்போது ஒவ்வொரு பொருளும் ஓர் உருப்படி ஆகிறது. நம் மில்லுக்கு லோடு, கிழங்கு கொடுப்பவர், பாயிண்ட் சோதனை, பாயிண்ட் விலை, பட்டியல், பட்டுவாடா என்ற ஆறு உருப்படிகள் தொடக்கத்துக்குப் போதும். வண்டிக்குத் தனி உருப்படி வைத்து அதில் காலி எடையைப் பதிந்துவிடலாம் என்று பலரும் எண்ணுவார்கள். அது தவறு. டீசல், ஒட்டிய மண், ஏறியிருக்கும் ஆள் ஆகியவற்றால் ஒரே லாரியின் காலி எடை ஒவ்வொரு முறையும் மாறும். ஆகவே காலி எடை லோடின் புலம், அதாவது லோடில் பதியும் ஒரு விவரம். வண்டி எண் லோடில் வெறும் எழுத்துப் புலமாக இருந்தால் போதும். ஓர் எண் எந்தப் பொருளுக்குச் சொந்தம் என்று தீர்மானிப்பதுதான் மாதிரி வரைவதில் உண்மையான வேலை.

விலையிலும் இதே கவனம் வேண்டும். பாயிண்ட் விலை நாளுக்கு நாள் மாறுவதால் அதற்கென்று தேதியோடு கூடிய தனி உருப்படி தேவை. ஆனால் பட்டியல் அந்த உருப்படியைச் சுட்டிக்காட்டுவதோடு நின்றுவிடக் கூடாது; பட்டியல் போட்ட நேரத்தில் எந்த விலையில் கணக்கிட்டோமோ அந்த எண்ணையே தன்னுள் நகலாக வைத்திருக்க வேண்டும். நாளை யாரேனும் நேற்றைய விலையைத் திருத்தினாலும், ஏற்கெனவே கையொப்பமிட்டுக் கொடுத்த பட்டியல் மாறாதிருக்க இதுவே வழி.

பட்டுவாடாவில் வேறொரு சிக்கல் உண்டு. விவசாயி முன்பணம் வாங்கியிருப்பார், அது அடுத்து வரும் பல லோடுகளில் கழியும்; சில நேரம் ஒரே பணம் மூன்று பட்டியல்களுக்குச் சேர்த்துக் கொடுக்கப்படும். இது பலவற்றுக்குப் பல என்ற உறவு என்பதால், ஜேடிஎல்லில் அந்த உறவை நேரடியாக எழுதிவிடத் தோன்றும். ஆனால் அப்படி எழுதும் உறவில் எந்தப் பட்டியலுக்கு எவ்வளவு தொகை கழிந்தது என்பதைப் பதிய இடமில்லை. ஆகவே பணக்கழிவு என்று ஓர் இடைநிலை உருப்படியை அமைத்து, அதிலிருந்து பட்டியலுக்கு ஒன்றும் பட்டுவாடாவுக்கு ஒன்றுமாக இரண்டு பலவற்றுக்கு ஒன்று உறவுகளை எழுதி, தொகையை அந்த உருப்படியில் வையுங்கள்.

புலங்களின் வகையைத் தேர்வதில் மூன்று இடங்களில் கருவியின் இயல்பை அறிந்து செயல்பட வேண்டும். முதலாவது, தொகைக்கும் விலைக்கும் மிதவைப் புள்ளி எண்களைப் பயன்படுத்தக் கூடாது. தசம எண்ணைப் பிசகாமல் வைக்கும் பிக்டெசிமல் வகையையே பயன்படுத்துங்கள். அடுத்தது எடை. ஜேஹிப்ஸ்டர் பிக்டெசிமல் புலத்துக்குத் தரவுத்தளத்தில் இரண்டு தசம இடங்களைக் கொண்ட பத்தியையே (அட்டவணையின் நெடுவரிசையையே) உருவாக்குகிறது. எடையை டன்னில் பதிந்தால் 9.428 என்பது 9.43 ஆகிவிடும். எடைமேடை கிலோவில்தான் எண் காட்டுகிறது என்பதால், எடையை முழு எண்ணாகக் கிலோவிலேயே பதிந்து, டன்னாக்குவதைக் கணக்கில் மட்டும் வைத்துக்கொள்வதே சரி. நேரத்தில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். இன்ஸ்டன்ட் வகையில் பதியும் நேரம் உலகப் பொது நேரத்தில் சேமிக்கப்படுகிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. கிழங்கு வெட்டிய பின் நாள் கடந்தால் கெடும் என்பதால் லாரிகள் இரவிலும் விடியலிலும் வருவதுண்டு. விடியற்காலை 3 மணிக்கு எடை போட்ட லோடு, பொது நேரத்தில் முந்தைய நாள் இரவு 9.30 மணியாகப் பதிவாகும். நாள் வாரி அறிக்கையைப் பொது நேரத்தின் தேதியை வைத்து எடுத்தால், காலை 5.30 மணிக்கு முன் வந்த லோடுகள் அனைத்தும் நேற்றைய கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும், நேற்றைய விலையும் அவற்றுக்கு ஒட்டிக்கொள்ளும். இதைத் தவிர்க்க, எடை நேரத்தை இன்ஸ்டன்டாகவும், கணக்குத் தேதியை நேரமில்லாத லோக்கல்டேட் வகையில் தனிப் புலமாகவும் வையுங்கள். கணக்குத் தேதி நள்ளிரவில் மாறுகிறதா, ஷிஃப்ட் மாறும்போது மாறுகிறதா என்பதை மில்தான் சொல்ல வேண்டும்.

உருப்படிகளின் பெயரையும் புலங்களின் பெயரையும் ஜேடிஎல் ரோமன் எழுத்தில் மட்டுமே ஏற்கும். திரையில் தெரியும் பெயர்கள் வேறு கோப்புகளில் இருப்பதால் அவற்றைத் தமிழில் அமைப்பதற்குத் தடையில்லை. கருவி ஆதரிக்கும் மொழிகளுள் தமிழும் ஒன்று. பொதுவான பொத்தான்களும் செய்திகளும் தமிழில் வரும். நம் உருப்படிகளுக்குரிய பெயர்களை மட்டும் மொழிக் கோப்பில் நாமே எழுத வேண்டும். அங்கே அகராதிச் சொற்களைத் தேடாமல், எடைமேடையில் வழங்கும் லோடு, பாயிண்ட், கழிவு, காலி எடை என்ற சொற்களையே எழுதுங்கள்.

கோப்பு முடிந்ததும் ஜேடிஎல் ஸ்டுடியோவில் அதை ஒட்டினால் பெட்டிகளும் கோடுகளுமாக வரைபடம் தோன்றும். அதை அச்செடுத்து மீண்டும் மில்லுக்குக் கொண்டுபோய், எழுத்தரும் கணக்கரும் படித்துப் புரிந்துகொள்ள முடிகிறதா என்று பாருங்கள். புரியவில்லை என்றால் திருத்த வேண்டியது மாதிரியைத்தான்.

மாதிரியில் அடங்காதவை

ஜேடிஎல் பொருள்களையும் உறவுகளையும் நன்றாகச் சொல்லும், நடத்தையைச் சொல்லாது. ஒரு புலம் கட்டாயமா, அதன் குறைந்த அளவும் மிகுந்த அளவும் என்ன என்பதை எழுதலாம். லோடு எடை காலி எடையைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்று இரண்டு புலங்களைச் சேர்த்து எழுத முடியாது. யுஎம்எல் கருவிகளில் இதற்கென ஓசிஎல் என்ற மொழி உண்டு. ஜேஹிப்ஸ்டரில் இத்தகைய விதிகளை நாமே சர்வர் நிரலில் எழுத வேண்டும்.

நிலை மாற்றமும் அப்படித்தான். வந்தது, லோடு எடை முடிந்தது, சோதனை முடிந்தது, இறக்கப்பட்டது, காலி எடை முடிந்தது, பட்டியலிடப்பட்டது, பணம் முடிந்தது, திருப்பப்பட்டது என்ற நிலைகளை ஒரு மதிப்புப் பட்டியலாக ஜேடிஎல்லில் எழுதலாம். எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போகலாம், யார் மாற்றலாம் என்பதை அது அறியாது. ஆகவே ஜேடிஎல் கோப்புக்குப் பக்கத்திலேயே நிலை மாற்ற வரைபடம் ஒன்றை, எழுத்தை வரைபடமாக்கும் பிளான்ட்யுஎம்எல் கோப்பாக வைத்துக்கொண்டு, அதில் உள்ள ஒவ்வோர் அம்புக்குறிக்கும் சர்வர் நிரலில் ஒரு செயல்பாடும் அதற்கொரு சோதனையும் இருக்குமாறு எழுதுங்கள். இரண்டு கோப்புகளும் சேர்ந்ததுதான் நம் மாதிரி.

இங்கே கட்டாயப் புலங்களைப் பற்றி வலியுறுத்திச் சொல்ல வேண்டும். காலி எடை இல்லாமல் பட்டியல் போட முடியாது என்பதால் அதைக் கட்டாயப் புலம் என்று ஜேடிஎல்லில் எழுதிவிடும் பழக்கம் பரவலாக உள்ளது. அப்படி எழுதினால் லாரி மேடை ஏறிய நேரத்தில் லோடைப் பதியவே முடியாது. விலை ஒத்துவராமல் கிழங்கோடு திரும்பிப் போகும் லாரிக்குக் காலி எடை என்ற ஒன்றே கிடையாது. வரிசையில் பத்து லாரி நிற்கும்போது எழுத்தர் என்ன செய்வார்? திரை கேட்கிறதே என்று 1 அல்லது 9999 என்று ஏதோ ஓர் எண்ணைத் தட்டிவிட்டு அடுத்த லாரியைப் பார்ப்பார். அதன் பிறகு அந்தத் தரவுத்தளத்தில் எந்த எண் உண்மை, எந்த எண் பொய் என்று பிரிக்கவே முடியாது. ஆகவே லோடு பதிவாகும் முதல் நொடியில் உறுதியாகக் கிடைக்கும் புலங்களை மட்டுமே மாதிரியில் கட்டாயமாக்குங்கள். மற்றவற்றை அந்தந்த நிலைக்கு நகரும்போது சரிபாருங்கள்.

உரிமைகளையும் இப்போதே எழுத வேண்டும். கருவி நிர்வாகி, பயனர் என்ற இரண்டு பொறுப்புகளை மட்டும் தருகிறது. மில்லில் எடை போடுபவர், பாயிண்ட் பார்ப்பவர், கணக்கர், உரிமையாளர் என்று குறைந்தது நால்வர் உள்ளனர். எடை போடுபவரே பாயிண்டையும் பதிய முடியும் என்று விட்டுவிட்டால், மில்லில் ஏற்கெனவே இருந்த ஒரு பாதுகாப்பை மென்பொருள் அழித்ததாகிவிடும்.

கருவி எழுதிய நிரலும் நாம் எழுதும் நிரலும்

ஜாவாவும் நோடும் நிறுவிய கணினியில், புதிய கோப்புறையில் ஜேடிஎல் கோப்பை வைத்து ஜேஹிப்ஸ்டரின் ஜேடிஎல் கட்டளையை இயக்கினால் சில நிமிடங்களில் முழுச் செயலி உருவாகிவிடும். முதல் வேலையாக, எதையும் தொடாமல் அந்த நிலையிலேயே, நிரலின் மாற்றங்களைக் குறித்துவைக்கும் கிட் களஞ்சியத்தில் பதிந்துவிடுங்கள். பின்னர் எது கருவி எழுதியது, எது நாம் எழுதியது என்று பிரித்துப் பார்ப்பதற்கு இந்தப் பதிவு அடிக்கல்லாக இருக்கும்.

மாதிரி ஒருபோதும் ஓர் இடத்தில் நிற்காது. நாளை கழிவில் ஈரப்பதம் என்ற புதுப் புலம் வரும், கட்டளையை மீண்டும் இயக்குவோம், கருவி தான் எழுதிய கோப்புகளை மறுபடியும் எழுதும். அந்தக் கோப்புகளுக்குள் நம் நிரல் கலந்திருந்தால் ஒவ்வொரு முறையும் பிரித்தெடுக்க வேண்டியதாகும், இரண்டு மூன்று முறைக்குப் பின் சலித்துப்போய் மாதிரியைக் கைவிட்டுவிடுவோம். மாதிரி வழியில் தொடங்கிய பணிகள் பாதியில் கைவிடப்படுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆகவே தொகை கணக்கிடும் நிரல், நிலை மாற்ற நிரல், பட்டியல் அச்சிடும் நிரல் ஆகியவற்றைத் தனி வகுப்புகளில், தனிப் பொதிகளில் எழுதி, உருவான வகுப்புகளை அவற்றிலிருந்து அழைத்துப் பயன்படுத்துங்கள். திரையிலும் இதே முறைதான். லோடுகளை வரிசையாகக் காட்டும் கருவியின் திரை நிர்வாகிக்கு உதவும். எடைமேடைக்கு வேண்டியது பெரிய எழுத்தில் வண்டி எண்ணும் எடையும் மட்டும் உள்ள ஒரே திரை. கருவியின் திரையைத் திருத்தி அதைச் செய்ய முயலாமல், புதிய திரையாகவே எழுதுங்கள்.

கருவியின் கோப்பைத் தொட்டே ஆக வேண்டிய இடங்கள் சில வரும். அப்போது மாற்றத்தை மிகச் சிறிதாக, தனிப் பதிவாகச் செய்யுங்கள். மறுபடி உருவாக்கும் வேலைக்குக் கிட்டில் தனிக் கிளை ஒன்றை வைத்து, அங்கே கருவி எழுதுவதை மட்டும் பதிந்து, பிறகு முதன்மைக் கிளையோடு இணைப்பது நல்ல பழக்கம். மோதல் எங்கே என்று கிட்டே காட்டிவிடும்.

எடைமேடையின் எண்காட்டும் பெட்டியிலிருந்து எடையை நேரடியாக வாங்குவதை இந்தச் செயலிக்குள் கொண்டுவர வேண்டாம். அத்தகைய பெட்டிகள் பல தொடர் வாயில் (சீரியல் போர்ட்) வழியே எண்ணை அனுப்பும். அதைப் படித்துச் செயலிக்கு அனுப்பும் சிறு நிரலைத் தனியாக எழுதி, எடைமேடைக் கணினியிலேயே ஓடவிடுங்கள். பெட்டி மாறினால் அந்தச் சிறு நிரல் மட்டும் மாறும்.

சோதனைக்கு மில்லின் பழைய பட்டியல்களைவிடச் சிறந்த தரவு வேறில்லை. கருவி தானாகச் சில சோதனைகளை எழுதித் தரும். பதிவு சேமிக்கப்படுகிறதா, திரும்பப் படிக்க முடிகிறதா என்பதற்கு மேல் அவை எதையும் பார்ப்பதில்லை. கணக்கர் கையால் எழுதிய பட்டியல்களில் கழிவு பிடித்தவை, முன்பணம் கழித்தவை, ஒரே லாரியில் பலர் கிழங்கு வந்தவை என்று வகைக்குச் சிலவற்றைத் தேர்ந்து, பெயர்களை நீக்கிவிட்டு, எடையையும் பாயிண்டையும் கொடுத்தால் அதே தொகை பைசா பிசகாமல் வருகிறதா என்று சோதனை எழுதுங்கள். வராவிட்டால் நிரலில் பிழை என்று முடிவு கட்டும் முன், கணக்கரைக் கேளுங்கள். நமக்குச் சொல்லப்படாத விதி ஒன்று அங்கே இருக்கலாம். இருந்தால் அதை மாதிரியில் சேருங்கள்.

மில்லில் நிறுவுதல்

சர்வரை மேகத்தில் வைப்பதா, மில்லிலேயே வைப்பதா என்ற கேள்விக்கு என் விடை மில்லிலேயே என்பதுதான். இணையம் அறுந்த இரவிலும் லாரி வரும், எடை போட்டாக வேண்டும். யுபிஎஸ் இணைத்த ஒரு சிறு லினக்ஸ் கணினியை மில்லின் உள்வலையில் வைத்து, ஒவ்வோர் இரவும் தரவுத்தளத்தின் நகலை மறையாக்கி வெளியே ஓரிடத்துக்கு அனுப்பினால் போதும். அந்த நகலிலிருந்து தரவுத்தளத்தை மீட்டெடுத்துப் பார்க்காதவரை அதை நகல் என்று கணக்கில் கொள்ள வேண்டாம்.

கருவி உருவாக்கும் நிரலில் ஜிப் (Jib) என்ற இணைப்பு இருப்பதால், உற்பத்திச் சூழலுக்கான, அதாவது மில்லில் உண்மையாக ஓடுவதற்கான அமைப்பில் ஒரே கட்டளையில் டாக்கர் படிமம் (செயலியின் நிறுவத் தயாரான பொதி) தயாராகிவிடும். செயலியையும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தையும் சேர்த்து ஓட்டுவதற்கான கம்போஸ் கோப்புகளும் கூடவே கிடைக்கும். அந்தக் கோப்புகள் நிரலாளரின் கணினியில் முயன்று பார்ப்பதற்காக எழுதப்பட்டவை. மில்லில் அப்படியே ஓட்டக் கூடாது. தரவுத்தளக் கோப்பில், தரவை வன்தட்டில் நிலையாக வைக்கும் வரிகள் வெறும் குறிப்புரையாக (கமெண்ட்) மாற்றப்பட்டுச் செயலற்று இருக்கும். அவற்றைச் செயல்படுத்தாமல் ஓட்டினால், கொள்கலனை (டாக்கரில் ஓடும் படிமத்தை) நீக்கும் அன்று அதுவரை பதிந்த லோடுகளும் போய்விடும். கடவுச்சொல் கேட்காமல் எவரையும் தரவுத்தளத்தில் இணைய விடும் அமைப்பும் அதே கோப்பில் இருக்கும். அதை நீக்கி வலிமையான கடவுச்சொல் வையுங்கள். வாயில் (போர்ட்) எண்கள் அதே கணினிக்குள் மட்டும் தெரியும்படி கட்டப்பட்டிருக்கும். எடைமேடைக் கணினி இணைய வேண்டும் என்பதற்காகச் செயலியின் வாயிலை மட்டும் உள்வலைக்குத் திறந்து, தரவுத்தளத்தின் வாயிலை மூடியபடியே விடுங்கள்.

உற்பத்திச் சூழலிலும் அட்மின், யூசர் என்ற இரண்டு கணக்குகள், பெயரே கடவுச்சொல்லாக, தானாகவே உருவாகும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முதல் முறை உள்நுழைந்ததும் அட்மின் கடவுச்சொல்லை மாற்றி, யூசர் கணக்கை நீக்குங்கள். உள்நுழைவுச் சீட்டுகளுக்குக் (டோக்கன்) கையொப்பமிடும் இரகசியச் சாவியைக் கிட்டில் வைக்காமல், ஓடும் கணினியில் தனியே அமைக்கும் சூழல் மாறியாகக் கொடுங்கள். மேம்பாட்டுச் சூழலில் கருவி போலித் தரவை நிரப்பும். மில்லில் ஓடுவது உற்பத்தி அமைப்புத்தானா என்று உறுதிசெய்துகொண்டால் போலி லோடுகள் அங்கே தோன்றா.

முதல் சில வாரங்கள் துண்டுச் சீட்டும் மென்பொருளும் இணையாக ஓடட்டும். மாலையில் இரண்டின் கூட்டுத் தொகையையும் கணக்கர் ஒப்பிட வேண்டும். இந்த ஒப்பீட்டைப் பருவம் மந்தமாக உள்ள காலத்தில் வைத்துக்கொண்டால்தான் யாருக்கும் பொறுமை இருக்கும்.

ஓடும் அமைப்பில் மாதிரியை மாற்றுதல்

தரவு சேர்ந்த பிறகு மாதிரியை மாற்றுவதில் தனிக் கவனம் தேவை. ஜேஹிப்ஸ்டர் தரவுத்தள மாற்றங்களை லிக்விபேஸ் என்ற கருவியின் மாற்றப் பதிவுக் கோப்புகளாக எழுதுகிறது. லிக்விபேஸ் தான் ஓட்டிய ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைத் தரவுத்தளத்திலேயே குறித்துவைக்கும். ஏற்கெனவே ஓடிய கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் எண் பொருந்தாமல் செயலி தொடங்க மறுக்கும். வழக்கமான முறையில் மறுபடி உருவாக்கினால் கருவி அந்தப் பழைய கோப்பையே திருத்தி எழுதிவிடும். ஆகவே தொடக்கத்திலேயே, மாற்றங்களை மட்டும் புதிய கோப்புகளாக எழுதும் கூடுதல் மாற்றப் பதிவுத் தெரிவைச் செயலுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

அந்தத் தெரிவிலும் ஒரு பள்ளம் உண்டு. ஜேடிஎல்லில் கழிவு என்ற புலத்தின் பெயரை மண்கழிவு என்று மாற்றினால், அதைப் பெயர் மாற்றம் என்று கருவியால் உணர முடியாது. பழைய புலம் நீக்கப்பட்டது, புதிய புலம் சேர்க்கப்பட்டது என்றே அது எழுதும். அந்தக் கோப்பை அப்படியே ஓட்டினால் அதுவரை பதிந்த கழிவு எண்கள் அனைத்தும் அழியும். ஆகவே உருவான ஒவ்வொரு மாற்றப் பதிவையும், மில்லுக்குப் போகும் முன், பத்தியை நீக்கும் கட்டளை எங்கேனும் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். இருந்தால் அதை எடுத்துவிட்டுப் பத்தியின் பெயரை மாற்றும் கட்டளையைக் கையால் எழுதுங்கள். பிறகு நேற்றிரவின் நகலை வேறொரு கணினியில் மீட்டெடுத்து, அதன் மேல் புதிய படிமத்தை ஓட்டி, பழைய பட்டியல் ஒன்றைத் திறந்து தொகை மாறவில்லை என்பதைக் கண்ட பின்னரே மில்லில் நிறுவுங்கள்.

மில் நிலைபெற்ற பின் உரிமையாளர் அடுத்துக் கேட்கக்கூடியது பின்தொடர்தல். சேலம் ஜவ்வரிசி 2023இல் புவிசார் குறியீடு பெற்றிருப்பதால், இந்த மூட்டைக்கான கிழங்கு எங்கிருந்து வந்தது என்று வாங்குபவர் கேட்கும் நாள் வரலாம். இங்கே மாதிரி உண்மையை மீறக் கூடாது. அரைத்த கிழங்கின் பால் தொட்டியில் பல லோடுகளிலிருந்து வந்து கலக்கிறது. ஒரு மூட்டையை ஒரு விவசாயியோடு கட்டும் உறவை ஜேடிஎல்லில் ஒரே வரியில் எழுதிவிடலாம், ஆனால் மில்லில் அப்படி ஓர் உறவு இல்லை. எழுதத் தக்கது தொகுதி என்ற உருப்படி. அன்று எந்தெந்த லோடுகள் அரைக்கப்பட்டன, எந்தத் தொட்டிக்குப் போயின, அதிலிருந்து எந்த மூட்டைகள் வந்தன என்ற அளவுக்கு அது சொல்லும். இதற்கும் முதலில் தொட்டியடிக்குப் போய், மாவு அள்ளுபவரிடம் தாளில் வரைந்து காட்டி, எந்தத் தொட்டி எப்போது அள்ளப்படுகிறது என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்த பிறகே ஜேடிஎல் கோப்பைத் திறக்க வேண்டும்.